காய்ச்சல் சீட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பூரின் எந்தத் தெருவில் நடந்தாலும் முதலில் காதில் விழுவது இருமல்தான். கீரைக்காரி அன்றைக்குத் தெருவுக்குள் வருவதில்லை. வந்தாலும் எழுந்து வந்து வாங்க ஆள் இருக்காது. இளநீர் வண்டிக்காரர்கள் மட்டும் வாசலுக்கு வாசல் நின்று நின்று போவார்கள். பந்தியில் உட்கார ஆள் கிடைக்காது என்பதால் ஞாயிற்று முகூர்த்தத்தை யாரும் கேட்பதில்லை. மறுநாள் விடிந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஊர் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, கம்பெனி வேனுக்காகத் தெருமுக்கில் நிற்கும்.

எல்லாம் அந்தப் பிளாஸ்திரி வந்த பிறகுதான்.

பாதி உள்ளங்கை அகலம் இருக்கும். தோளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் போதும். உடம்புக்குள் புகுந்த நோயும், அதோடு உடம்பு போடும் சண்டையும் அப்படியே உறைந்து நின்றுவிடும். காய்ச்சல் ஏறாது, சளி ஒழுகாது. பிரித்து எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். முதலில் குழந்தைகளுக்காகத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைக்குச் சுடுகிறது என்று பெண்கள் வேலைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பது கம்பெனிகளின் கவலை. சுடுகிற பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு வர வேண்டியிருக்கிறதே என்பது பெண்களின் கவலை. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடைத்தது. வார நாளில் ஒட்டி அனுப்பு, ஞாயிறு காலையில் பிரி, நாள் முழுக்க மடியில் போட்டு வைத்துக்கொள். கோகிலாவும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாங்கி வந்தாள். மகன் முகிலின் பூஞ்சைக் கையில் முதன்முதலாக ஒட்டிய அன்று, நெற்றிச் சூடு தணிந்து அவன் சிரித்துக்கொண்டே பால்வாடிக்குப் போனதைப் பார்த்து, இதைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்தாள்.

லீவு என்ற சொல் எப்போது காணாமல் போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"காச்சலுக்கு லீவா? எந்தக் காலத்துல இருக்கறீங்க? ஒட்டிட்டு வாங்கம்மா," என்பார் லைன் சூப்பர்வைசர் ரமணி. கெட்ட மனிதர் இல்லை. அவர் கையிலும் ஒன்று ஒட்டியிருந்தது.

கம்பெனியின் மருந்தறையில் கிறிஸ்டி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். பிளாஸ்திரி எடுத்துக் கொடுப்பதும் எச்சரிப்பதும் அவள் வேலை.

"காச்சல் எங்கயும் போயிடல, பாத்துக்கங்க. விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி வாசல்ல நிக்குது. இன்னொண்ணு வந்தா அதுவும் பின்னால நிக்கும். ஒரு மாசத்துக்குள்ள கதவத் தொறந்து விட்டுடணும். கூட்டம் சேர்ந்துச்சுன்னா அத்தனையும் ஒண்ணா உள்ள நுழையும்."

"அத்தன பேருக்கும் நாந்தான் காப்பி வெக்கோணுமா சிஸ்டர்?" என்று கேட்டாள் ஜோதிமணி. மருந்தறையே சிரித்தது. கிறிஸ்டி மட்டும் சிரிக்கவில்லை.

ஜோதிமணி கோகிலாவுக்கு அடுத்த மிஷினில் இருந்தாள். கோகிலா ஓவர்லாக்கில் ஓரம் மூட்டித் தள்ளுகிற பனியனைக் கழுத்துப் பட்டி வைத்து முடிப்பது அவள். இரண்டு பேரின் கைக்கும் நடுவில் நாளெல்லாம் துணி ஓடிக்கொண்டிருக்கும், வாயும் ஓடிக்கொண்டிருக்கும். ஜோதிமணியின் புருஷன் இறந்து சில வருஷம் ஆகிறது. ஒரே மகள் தர்ஷினி, நாலாம் வகுப்பு.

டீ நேரத்தில் நாலு பேர் ஒரே மேசையைச் சுற்றி நிற்பார்கள். இவர்கள் இரண்டு பேர், செக்கிங்கில் இருக்கும் சரசு, பிசிறு வெட்டும் பானு. சரசு மூத்தவள், கல்யாண வயதில் பிள்ளைகள். பானு ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், கைக்குழந்தைக்காரி. அந்த மேசையில்தான் ஒருநாள் ஜோதிமணி அதைச் சொன்னாள்.

"நாம ஒரு சீட்டுப் போடலாங்க்கா."

"சம்பளம் வரட்டும், பாக்கலாம்," என்றாள் சரசு.

"காசுச் சீட்டு இல்லீங்க்கா. காச்சல் சீட்டு."

சரசு டீயை ஊதுவதை நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கெழம புள்ளைகளுக்குப் பிரிச்சு உடறோம். அதுக மேலெல்லாம் கொதிச்சுக் கெடக்குது. அன்னிக்கு நாமளும் பிரிச்சுட்டுப் படுத்தா கஞ்சி ஆரு வெக்கறது? அதனால நாம பிரிக்கறதே இல்ல. உள்ளயே வெச்சுட்டுத் திரியறோம். நெசமா இல்லையா?"

பானு தன் கையில் ஒட்டியிருந்ததைத் தடவிக்கொண்டாள். உண்மைதான்.

"ஒரு ஞாயித்துக்கு ஒருத்தி படுக்கறது. அவ ஊட்டுச் சோறு, துணி, புள்ள எல்லாத்தையும் மத்த மூணு பேரு பாத்துக்கறது. அடுத்த ஞாயிறு அடுத்தவ. சிஸ்டர் சொல்ற மாசத்துக்குள்ள நாலு பேருக்கும் வந்துரும்."

"வாரத்துக்கு ஒருத்தி மவராணி," என்றாள் பானு. "நல்லாத்தான் இருக்கு. புருசமாரும் இதுல சேரணுமா?"

"அவங்களுக்கு எதுக்கு? அவங்க தும்முனாலே படுக்க ஊடு இருக்குது."

காகிதம் இல்லாததால் பனியன் கழுத்தில் வைக்கிற சைஸ் லேபிளை எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு சைஸ். டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுக் குலுக்கி எடுப்பது. சரசுவுக்கு எக்ஸெல் என்று பானு சொன்னதும் சரசு அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பணச் சீட்டு என்றால் பிடிக்கிறவள் முதல் சீட்டை எடுத்துக்கொள்வது ஊர் வழக்கம். ஜோதிமணி தன் லேபிளை மூடியிலேயே போடவில்லை.

"கடசி சீட்டு எனக்கிருக்கட்டும். கடசில எடுக்கறவளுக்கு நட்டமே இல்ல, தெரியுமில்ல?"

பணச் சீட்டில் அப்படித்தான். கோகிலாவுக்கும் அது சரியென்றே பட்டது.

முதல் ஞாயிறு எக்ஸெலுக்கு வந்தது. சரசு காலையிலேயே பிரித்துவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பானு இஞ்சி தட்டிப்போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். கோகிலா துணி துவைத்தாள். ஜோதிமணி சரசுவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டாள். மத்தியானம் குடிக்க வெந்நீர் கொடுத்தபோது சரசு டம்ளரைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தாள்.

"என்னங்க்கா, தண்ணி எச்சாச் சுடுதா?"

"சுடல புள்ள. கல்யாணமாகி வந்ததுலேருந்து எனக்கு ஆரும் தண்ணி காய வெச்சுக் குடுத்ததில்ல."

"அதுக்கு அழுவாங்களா? நாளைக்கு மிஷின்ல வந்து அழுங்க, எண்ணெய் போட்டாப்பல இருக்கும்," என்றாள் ஜோதிமணி. சரசு அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு சீட்டு நன்றாக நடந்தது. பக்கத்து லைன்காரிகளும் பார்த்துத் தங்களுக்குள் ஒன்று தொடங்கினார்கள். வாரம் முழுக்க அந்த ஒரு ஞாயிறைப் பற்றியே பேச்சு. திருவிழாவுக்குக் காத்திருப்பதுபோல் பெண்கள் தங்கள் காய்ச்சலுக்குக் காத்திருந்தார்கள்.

முதல் மாதம் ஜோதிமணியின் முறை வந்தபோது பானுவுக்குத் தொண்டை கட்டி எச்சில் விழுங்க முடியவில்லை. பிளாஸ்திரி வலியை முழுதாக நிறுத்துவதில்லை. ஜோதிமணி தன் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். அடுத்த மாதம் கோகிலாவுக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. அதற்கும் விட்டுக்கொடுத்தாள்.

அந்த ஞாயிறு கோகிலாவின் நினைவில் நன்றாக இருக்கிறது. காய்ச்சலில் மூழ்கிக் கிடந்தாள். அடுப்படியில் ஜோதிமணி கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டது. தர்ஷினி முகிலை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் லோகநாதன் கூட, சும்மா இருக்க முடியாமல், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். "அண்ணா, தோல உரிக்கச் சொன்னா வெங்காயத்தையே உரிச்சுத் தீத்துட்டீங்களே," என்று ஜோதிமணி சொன்னதும் அவன் சிரித்ததும் தூரத்திலிருந்து கேட்டன. இப்படியே கொஞ்ச நாள் சுட்டுக்கொண்டிருந்தால் தேவலை என்று நினைத்தபடி கோகிலா தூங்கிப்போனாள்.

பிறகு ஏற்றுமதிச் சரக்குக்கு நாள் நெருங்கியது. ஞாயிறும் வேலை என்று அறிவித்தார்கள். ஒரு ஞாயிறு இல்லை, வரிசையாக. பிளாஸ்திரி எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று மருந்தறைக் கதவைத் திறந்தே வைத்தார்கள். யார் எத்தனை எடுத்தார்கள் என்று கிறிஸ்டி எழுதி வாங்கிக்கொள்வதை நிறுத்திவிட்டாள்.

வேனில் திரும்பும்போது கோகிலா ஜோதிமணியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை சில்லென்று, மழையில் கிடந்த துணிபோல் இருந்தது.

"ஜோதி, உள்ள எத்தன நிக்குது?"

"எனக்கென்னங்க்கா. ஒண்ணுமில்ல."

"பொய் சொன்னே, பல்லக் கழட்டிப்போடுவன்."

ஜோதிமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேன் மேம்பாலம் ஏறி இறங்கியது.

"தர்ஷினி பாக்குதுங்க்கா. அவங்கப்பன், சித்த நேரம் படுத்தாச் செரியாப் போயிரும்னு சொல்லிட்டுத்தான் படுத்தாரு. அன்னிலேருந்து நான் பகல்ல கண்ண மூடுனாப் போதும், எம் மூக்குக்கிட்ட கைய வெச்சுப் பாக்குது. அதுக்கு முன்னால எப்படிங்க்கா படுக்கறது?"

"புள்ளைய எங்கூட்டுக்கு அனுப்பீரு."

"போகாது."

"நான் கேக்கறன். முகிலுக்கு வாய்ப்பாடு சொல்லித் தா கண்ணுன்னு கூப்படறன். எப்படி வராமப் போகும்னு பாக்கறன். சரக்கு ஏறுன மறு ஞாயிறு உன்றது. ஆருக்கு என்ன வந்தாலும் செரி, எனக்கே உசுரு போனாலும் செரி, அது உன்றது."

"அப்ப நான் செத்தாத்தான் உடுவீங்களாட்ட இருக்குது," என்று சிரித்தாள் ஜோதிமணி.

சரக்கு ஏறியது. அந்த ஞாயிறும் வந்தது. தர்ஷினி அரைமனதோடு கோகிலா வீட்டுக்குப் போனாள். சரசு அங்கே பிள்ளைகளோடு இருந்தாள். கோகிலாவும் பானுவும் ஜோதிமணியின் வீட்டில் பாய் விரித்து, வெந்நீர் வைத்து, ரசத்துக்குப் புளி ஊறப்போட்டார்கள். ஜோதிமணி புதுப்பெண்போல் தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"காச்சலுக்கு எதுக்குடி பவுடர்?" என்றாள் பானு.

"இத்தன நாளா நின்ன ஒறம்பரை. மொகத்தச் சுளிச்சுட்டா வாங்கன்னு சொல்றது?"

பிளாஸ்திரியைத் தானே பிரித்தாள். முதலில் ஒரு நடுக்கம் வந்தது. அது எல்லோருக்கும் வருவதுதான். பிறகு வந்தது யாரும் பார்த்திராதது. இருமல், வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, பற்கள் அடித்துக்கொள்ளும் குளிர், ஒன்று முடிந்து ஒன்றாக இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில். கோகிலா அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். சேலையைத் தாண்டித் தொடை சுட்டது. பானு ஆட்டோவுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. கட்டிலுக்கு இரண்டு பேர், கட்டிலுக்கு அடியில் ஒருவர். வராந்தாவில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே துண்டை விரித்து ஜோதிமணியைக் கிடத்தினார்கள். சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை, ஆனாலும் உட்கார்ந்தாள்.

"எத்தனை தள்ளிப் போட்டிருக்காங்க?"

"தெரியலைங்க."

"நீங்க யாரு இவங்களுக்கு?"

கோகிலா வாயைத் திறந்தாள். பக்கத்து மிஷின் என்று சொல்ல வரவில்லை. "அக்கா," என்றாள்.

டாக்டரம்மா ஊசி போட்டாள், ஆளை அனுப்பிக் குளுக்கோஸ் பாட்டில் கொண்டுவரச் சொன்னாள், உள்ளே ஒரு கட்டிலாவது காலியாகுமா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஜோதிமணி ஒரு சமயம் கண்ணைத் திறந்து, "புள்ள சாப்புட்டுதா?" என்றாள். சாப்பிட்டது என்று கோகிலா சொன்னாள். வெயில் வராந்தாவை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை லைனுக்கு அரைநாள் விட்டார்கள். ரமணி மாலை வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் அந்த மிஷினில் வேறு பெண் உட்கார்ந்தாள். நல்ல பெண்தான், வேலையும் தெரிந்தவள். கோகிலா துணியைத் தள்ளிவிடும்போதெல்லாம், "தேங்க்ஸுங்க்கா," என்றாள். அதைத்தான் கோகிலாவால் தாங்க முடியவில்லை. சீட்டைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. லேபிள் போட்டுக் குலுக்கிய மூடியைச் சரசு வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாள்.

தர்ஷினி கோகிலாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஜோதிமணியின் அண்ணன் ஒருத்தர் ஊரில் இருந்தார், வந்து பார்த்துவிட்டு, "எங்கூட்டுலயே நாலு இருக்குது," என்று கையைப் பிசைந்தார். லோகநாதன்தான் சொன்னான், "நம்ம ஊட்டுலயே இருக்கட்டுமே. முகிலுக்கும் தொணை."

அந்தச் சிறுமியைப்போல் ஒரு பிள்ளையைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. தன் தட்டைத் தானே கழுவும். முகிலின் ஷூவுக்குப் பாலீஷ் போடும். ஞாயிற்றுக்கிழமை முகில் சூட்டில் புலம்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றும். அம்மாவைப் பற்றி அதுவாகப் பேசாது. கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். "இந்தப் புள்ளைக்கு ஒரு தும்மல் கூட வர்றதில்லயே, குடுத்து வெச்சவ நீ," என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது கோகிலாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு புதன்கிழமை காலை. சோற்றை வடித்துவிட்டு, வேன் வருவதற்குள் தர்ஷினியின் கவுனுக்கு அளவெடுத்துவிடலாம் என்று கோகிலா இஞ்சு டேப்பை எடுத்தாள்.

"கையத் தூக்கு கண்ணு."

"பழைய கவுன வெச்சே தைங்க அத்தை. செரியாத்தான் இருக்கும்."

"வளந்திருப்பீல்ல. தூக்கு."

"வேண்டாங்க அத்தை."

தைக்கிறவளின் கைக்கு அளவெடுக்கக் கண் தேவையில்லை. டேப் சட்டைக் கைக்குள் போனதும் விரல் ஒரு மேட்டில் தட்டியது. ஓரம் கறுத்து, அழுக்கு சேர்ந்து, தோலோடு ஒட்டிப்போன பிளாஸ்திரி. அதன்மேல் இன்னொன்று.

கோகிலா சட்டைக் கையை முழுதாக மேலே சுருட்டினாள்.

"எங்க கெடச்சுது?"

"அம்மா பையில இருந்துச்சு."

"எப்ப ஒட்டுன?"

"இங்க வந்தப்பறம். அப்பறம் ஒருக்கா தொண்ட வலிச்சுது."

"ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?"

சிறுமி சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள். பயந்துபோயிருந்தாள், திட்டு வாங்கப் போகிற பிள்ளையைப்போல.

"ஞாயித்துக்கெழம முகிலுக்கு வருதில்லீங்களா. உங்களுக்கும் வரோணும். மாமனுக்கு வேற வரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குச் சீட்டுல பேரு இல்லீங்களே அத்தை."

தெருமுக்கில் வேன் ஹாரன் அடித்தது. லோகநாதன் பாதி மாட்டிய சட்டையோடு வாசலில் நின்றான்.

"நாலு நாள்தான கோகிலா, ஞாயித்துக்கெழம..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினான். "நான் போயி வேன்காரன்கிட்டச் சொல்லிட்டு ஆட்டோ புடிச்சுட்டு வர்றன்."

"இன்னிக்கு புதன்கெழமைங்க அத்தை," என்றாள் தர்ஷினி. கோகிலாவுக்குக் கிழமை மறந்துவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"தெரியும் கண்ணு. வா."

அவர்கள் போய் நின்றது அதே ஆஸ்பத்திரிதான். ஆனால் வாசலில் நின்ற கோகிலா ஒரு கணம் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். வராந்தாவை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத்தில் ஒரு நாய்கூட இல்லை. உள்ளே சுவரோரமாக ஒரு நர்ஸ் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்துப் பூவைச் சட்டென்று மடியில் மறைத்தாள்.

"என்னங்க, வார நாள்ல வந்திருக்கீங்க? அடிகிடி பட்டுதா?"

டாக்டரம்மா வந்தாள். அன்றைக்கு முழங்காலிட்டவள்தான், இன்று தலை சீவி, காப்பி குடித்த முகமாக இருந்தாள். கோகிலாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனை முகங்களைத்தான் ஞாபகம் வைப்பாள்? தர்ஷினியின் கையைத் திருப்பிப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள்.

"ரெண்டோ மூணோ நிக்குது. பயப்படாதீங்க. டிரிப்ஸ் போட்டுட்டு, மருந்து ஏத்திக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சா ஒண்ணு ஒண்ணா வந்து போயிடும். நாங்க மூணு டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கோம். இப்படி வார நாள்ல வந்துட்டா எத்தனை தள்ளிப் போட்டிருந்தாலும் பாத்துடலாங்க. ஞாயித்துக்கிழமைதான் எங்க கையில ஒண்ணும் இல்ல."

கோகிலா தலையாட்டினாள். எத்தனை தள்ளிப் போட்டிருந்தாலும், என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"எதுல வேணாப் படுக்க வைங்க," என்றாள் நர்ஸ், கதவை அகலத் திறந்துவிட்டு. "எல்லாம் காலிதான்."

நீளமான அறை. இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், வெள்ளைத் துணி விரித்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். மின்விசிறிகள் நின்றிருந்தன. ஜன்னல் வழியாக விழுந்த காலை வெயிலில் கடைசிக் கட்டில்வரை பார்க்க முடிந்தது. கோகிலா சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். எந்தக் கட்டிலைச் சொல்வது என்று தெரியவில்லை. நர்ஸ் காத்திருந்தாள், பிறகு தானே ஜன்னலோரக் கட்டிலின் போர்வையை விலக்கினாள்.

தர்ஷினி ஏறிப் படுத்தாள். டாக்டரம்மா பஞ்சை ஈரமாக்கி, மேலே இருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை மட்டும் மெல்ல நெம்பினாள்.

"நீங்க எப்ப வேலைக்குப் போவீங்க அத்தை?"

"போகல."

"சாயங்காலமா?"

"இன்னிக்குப் போகல. நாளைக்கும் போகல. நீ எந்திரிச்சு ஓடற வரைக்கும் இங்கதான்."

"திட்ட மாட்டாங்களா?"

"திட்டட்டும்."

சிறுமி அதை நம்பலாமா என்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இமைகள் கனத்தன. கோகிலா அந்தக் காலிக் கட்டில்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய உள்ளங்கைக்குள் இருந்த சின்னக் கை மெல்லச் சுடத் தொடங்கியது.